என்(50, 16): பிரெண்ட் 0.0668 எழுதி சரி, நான் 0.35 எழுதி பிழை. செவ்வன் பரம்பல் ஆராவது விளங்கப்படுத்துங்கோ

உப்புவெளி_சிப்பி
திங்கள், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பஸ் பெஸ்ட் இயர். ஏ.எல்ல பயோ செய்தனான், கணக்கை ஓ.எல்லோட கைகழுவிட்டன் எண்டு சந்தோசமா இருந்தன், இப்ப புள்ளிவிபரவியல் எண்டு ஒரு பாடம் வந்து நெஞ்சில ஏறி நிக்குது. போன கிழமை ஒரு குட்டி டெஸ்ட். கேள்வி இதுதான்: எக்ஸ் எண்ட மாறி என்(50, 16) செவ்வன் பரம்பல், எக்ஸ் 44ஐ விடக் குறைவா இருக்கிறதுக்கு நிகழ்தகவு என்ன? நான் 0.35 எண்டு எழுதினன், பிழை. பக்கத்தில இருந்த பிரெண்ட் 0.0668 எண்டு எழுதினாள், சரி. என்னண்டு எண்டு கேட்டா அட்டவணையப் பார் எண்டுறாள். அவளின்ர அட்டவணையில 1க்கு நேர 0.3413 கிடக்கு, என்ர அட்டவணையில அதே 1க்கு 0.8413 கிடக்கு. ரெண்டும் அச்சடிச்ச அட்டவணை, ரெண்டுக்கும் ஒரே தலைப்பு. எத நம்புற?

இன்னொண்டு. அந்த மணி மாதிரி வளைகோட்டில 44க்கு நேர மேல போய் உயரத்தப் பாத்தா அதுதானே நிகழ்தகவு, பிறகு என்னத்துக்கு அட்டவணை? சூத்திரத்தில ஈயும் (e) பையும் (π) ஏன் வந்து குந்தியிருக்கு? வட்டமே இல்லாத இடத்தில பை! சின்னப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொல்லுங்கோ பிளீஸ், திரும்ப டெஸ்ட் வைக்கப் போறா மிஸ்.

தம்பலகாமம்_தயிர்
திங்கள், இரவு 9.20

0.35ஐயும் 0.0668ஐயும் கூட்டி ரெண்டால பிரிச்சு ரெண்டு பேரும் எழுதியிருந்தா ஆளுக்குப் பாதி மார்க்ஸ். ஒற்றுமை இல்ல இந்தக் காலத்துப் பிள்ளைகளிட்ட.

டொக்யாட்_ரோட்
திங்கள், இரவு 9.31

தங்கச்சி நான் தேர்ட் இயர், இத ரெண்டு தரம் எழுதிப் பாஸ் பண்ணின அனுபவத்தில சொல்றன், சூத்திரத்த மறந்திடுங்கோ, ஒருத்தரும் அதப் போட்டுக் கணக்குச் செய்யிறதில்ல. மூண்டு நம்பர் பாடமாக்கினாக் காணும்: 68, 95, 99.7. இடையில இருந்து ரெண்டு பக்கமும் ஒரு நியம விலகல் (இலக்கமெல்லாம் எவ்வளவு பரவிக் கிடக்கு எண்ட அளவு) போனா 68 வீதம், ரெண்டு போனா 95, மூண்டு போனா 99.7. அவ்வளவுதான் செவ்வன். உலகத்தில எல்லாமே இந்த மணி மாதிரித்தான் பரவியிருக்கு, அப்படி இல்லாட்டியும் சாம்பிள் 30க்கு மேல எடுத்தா தானா செவ்வன் ஆகிடும். கண்ண மூடிக்கொண்டு எழுதலாம்.

பழைய_கணக்கு_வாத்தி
திங்கள், இரவு 10.05

கண்ண மூடிக்கொண்டு எழுதினதாலதான் தம்பி ரெண்டு தரம் எழுதினீர் போல. உந்த 30 கதைக்குப் பிறகு வாறன், முதல்ல பிள்ளையின்ர கேள்வி.

பிள்ளை, உயரத்த விடு, பரப்பப் பிடி. சுத்தி வளைக்காமல் ஒரு அரிசிப் பையை எடுப்பம். பையில 5 கிலோ எண்டு அச்சடிச்சிருக்கு, ஆலையில மிசின்தான் நிரப்புது. எந்த மிசினும் ஒவ்வொரு பைக்கும் ஒரே அளவு போடாது, ஒண்டில ரெண்டு மணி கூட, மற்றதில ஒரு பிடி குறைய. நான் சும்மா எடுத்த இலக்கம், இடை 5.05 கிலோ, நியம விலகல் 0.03 கிலோ எண்டு வைப்பம். இப்ப ஒரு பையில சரியா 5.05 கிலோ இருக்கிறதுக்கு நிகழ்தகவு என்ன? பூச்சியம். சரியா எண்டா 5.05க்குப் பின்னால முடிவில்லாமல் சைபர் வரவேணும், ஒரு உமி கூட விழுந்தாப் போச்சு. ஆனா தராசில 5.05 எண்டு காட்டுதே எண்டுவாய். தராசு காட்டுற 5.05 எண்டது 5.045க்கும் 5.055க்கும் இடையில எங்கயோ எண்டு அர்த்தம். அது ஒரு இடைவெளி. இடைவெளிக்குத்தான் நிகழ்தகவு, அந்த இடைவெளிக்கு மேல வளைகோட்டுக்குக் கீழ இருக்கிற பரப்புத்தான் அந்த நிகழ்தகவு.

அப்ப உயரம் என்னத்துக்கு? உச்சியில உயரம் எவ்வளவு எண்டு போட்டுப் பார், 0.3989ஐ 0.03ஆல பிரி, 13.3 வரும். நிகழ்தகவு எண்டைக்காவது 1ஐத் தாண்டுமோ? தாண்டாது. அப்ப 13.3 நிகழ்தகவு இல்ல, அடர்த்தி. ஒரு சதுர கிலோமீற்றருக்கு இத்தனை சனம் எண்டு சொல்ற மாதிரி, பரப்பளவால பெருக்கினாத்தான் ஆள் எண்ணிக்கை வரும். இங்க இடைவெளியின்ர அகலம் 0.01, 13.3ஐ 0.01ஆல பெருக்கினா 0.133. அட்டவணையப் பாத்துச் செய்தாலும் 0.132க்குக் கிட்ட வரும். நூறு பை நிறுத்தா ஒரு பதின்மூண்டு பை தராசில 5.05 காட்டும், அதுதான் கதை.

இனி அட்டவணை. ரெண்டும் சரி. உன்ரது இடப்பக்க அந்தத்தில இருந்து கூட்டிக்கொண்டு வாற அட்டவணை, அவளின்ரது நடுவில இருந்து கூட்டுற அட்டவணை. நடுவுக்கு இடப்பக்கம் எப்பவும் 0.5, அதனாலதான் 0.8413க்கும் 0.3413க்கும் சரியா அரை வித்தியாசம். வலப்பக்க வாலை மட்டும் தாற மூண்டாவது சாதியும் இருக்கு, அதில 1க்கு நேர 0.1587 கிடக்கும். அட்டவணைக்கு மேல ஒரு குட்டிப் படம் நிழல் போட்டு இருக்கும், எது கூட்டியிருக்கு எண்டு அதுதான் சொல்லும். முப்பது வருசம் படிப்பிச்சன், அந்தப் படத்தப் பாத்த பிள்ளைகளக் கைவிரல் விட்டு எண்ணலாம்.

உப்புவெளி_சிப்பி
திங்கள், இரவு 10.22

ஐயோ சேர், இப்ப போய்ப் பாத்தன், படம் இருக்கு. நான் அத டிசைன் எண்டு நினைச்சன்.

அடர்த்தி விளங்கிற்று. 13.3 எண்டோண்ணை முதல்ல பயந்திட்டன். ஈயும் பையும்?

பழைய_கணக்கு_வாத்தி
திங்கள், இரவு 10.41

ஈ தான் வடிவத்தத் தருது. நடுவில இருந்து எத்தனை நியம விலகல் தூரம் எண்டதை இசட் எண்டு வைச்சா, ஈயின் அடுக்கு மைனஸ் இசட் வர்க்கத்தில பாதி. வர்க்கம் எண்டதால இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்டு, மைனஸ் எண்டதால தூரம் போகப் போகச் சடாரெண்டு விழும். இதுக்குக் கீழ உள்ள முழுப் பரப்பையும் எடுத்தா 2.5066 வருது, அது ரெண்டு பையின்ர வர்க்கமூலம். மொத்த நிகழ்தகவு 1 ஆகவேணும், அதால அந்த 2.5066ஆல பிரிக்கிறம். பை வந்த வழி அதுதான். வட்டம் எங்க எண்டு கேட்டியே, அந்தப் பரப்பக் கண்டுபிடிக்க ரெண்டு மணியப் பெருக்கி ஒரு மலை ஆக்கி மேல இருந்து பாப்பினம், அப்ப சமஉயரக் கோடெல்லாம் வட்டம். அங்க ஒளிச்சிருக்கு வட்டம். முழுப் பரப்புக்கு இந்தத் தந்திரம் சரிவரும், ஆனா நடுவில ஏதோ ஒரு இடத்தில வெட்டி இவ்வளவு பரப்பு எவ்வளவு எண்டு கேட்டா வழக்கமான சார்புகளால எழுதி முடிக்கிற விடையே இல்ல. அதாலதான் அட்டவணை.

கையால படம் கீறேக்க ஒரு தந்திரம்: வளைவு கவிழ்ந்த சட்டி மாதிரி வந்து, நிமிந்த சட்டி மாதிரி மாறுற இடம் சரியா ஒரு நியம விலகல் தூரத்தில இருக்கும்.

வைகைக்கரை
திங்கள், இரவு 11.02

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நான் மதுரை. நியம விலகல்னு நீங்க சொல்றது நாங்க படிச்ச திட்ட விலக்கம்தானே? செவ்வன் பரம்பல்ங்கிறது இயல்நிலைப் பரவல்? எனக்குப் பாதி இழை போனப்புறம்தான் பிடிபட்டுச்சு. இடைன்னதும் இடுப்புன்னு நெனச்சுட்டேங்க.

பழைய_கணக்கு_வாத்தி
திங்கள், இரவு 11.15

ஓம் தம்பி, எங்கட இடை உங்கட சராசரி, எங்கட இடையம் உங்கட இடைநிலை அளவு, எங்கட ஆகாரம் உங்கட முகடு. ஆகாரம் எண்டதும் சாப்பாடு எண்டு நினைச்சிடாதையும். செவ்வன் எங்களுக்கு ரெண்டு இடத்தில வரும், இணைந்த கணிதத்தில மேசையில வைச்ச கட்டைக்கு மேசை குடுக்கிற மறுதாக்கமும் செவ்வன் மறுதாக்கம்தான். ரெண்டுக்கும் இங்கிலீசிலயும் ஒரே சொல்லு. கடமையச் செவ்வனே செய் எண்டு சொல்ற செவ்வனும் அதே வேர்தான், அதாலதான் சனம் இத 'ஒழுங்கான பரம்பல்' எண்டு நினைச்சு, மற்றதெல்லாம் ஏதோ குறைபாடு மாதிரிப் பாக்குது. அந்தப் பேரப் பரப்பின புள்ளிவிபரவியல்காரர் கார்ல் பியர்சனே பிற்காலத்தில, இந்தப் பேரால மற்றப் பரம்பலெல்லாம் வழக்கத்துக்கு மாறானது எண்டு சனம் நம்புது எண்டு கவலைப்பட்டு எழுதினவர். தமிழிலயும் அந்தக் கவலை அப்படியே வந்திட்டுது.

கிண்ணியா_கொங்கிறீட்
செவ்வாய், காலை 6.10

சுபஹுக்கு எழும்பி போனப் பாத்தா செவ்வன் பரம்பல் ஓடிக்கொண்டிரிக்கி, நான் சைட்டில டெக்னிக்கல் ஒபிசர், இத நான் கிழமைக்குக் கிழமை பாவிக்கிறன் எண்டு சொன்னா தங்கச்சி நம்பமாட்டீங்க.

கிரேட் 25 கொங்கிறீட் எண்டு பிளேனில எழுதிரிக்கும். சனம் நினைக்கிற சராசரியா 25 வந்தாச் சரி எண்டு. அப்படியில்ல. 25 எண்டது பலத்தின்ர அளவு, 150 மில்லிமீற்றர் கொங்கிறீட் கியூப் போட்டு 28 நாளால உடைச்சுப் பாத்தா நூத்தில அஞ்சுக்கு மேல அதுக்குக் கீழ விழப்படாது எண்ட இலக்கம். சராசரி 25 எண்டு கலந்தா என்ன நடக்கும், மணி நடுவில வெட்டுப்பட்டு பாதிக் கியூப் 25க்குக் கீழ கிடக்கும். அதால நாங்க சராசரிய மேல தூக்கி வைக்கிற. எவ்வளவு தூக்கிற? மணியின்ர இடப்பக்க வால் அஞ்சு வீதம் ஆகிற இடம் 1.64 நியம விலகல் கீழ. அப்ப சராசரி 25, கூட்டு, 1.64 தடவை நியம விலகல். சைட்டில நியம விலகல் 4 எண்டா 31.56. கலவை நல்லாக் கட்டுப்பாட்டில இரிந்து நியம விலகல் 2.5க்கு வந்தா 29.1 காணும். அந்த வித்தியாசம் முழுக்க சீமெந்து, சீமெந்து எண்டா காசு. பாஸுக்கு நியம விலகல் எண்டா என்னெண்டு விளங்காது, ஆனா சீமெந்து பேக் கணக்கச் சொன்னா உடன விளங்கும்.

ஏன் மணி வடிவம் வருது எண்டும் சைட்டில நிண்டா விளங்கும். மணல் ஒரு லோட் ஈரம், மற்ற லோட் காய்ஞ்சது. ஒருத்தன் தண்ணி அரைவாளி கூட ஊத்துவான். கியூப் குத்திறவன் ஒருநாள் நல்லாக் குத்துவான் ஒருநாள் கை நோ எண்டுவான். வெயில். ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சம், சிலது கூட்டும் சிலது குறைக்கும், ஒண்டு மட்டும் பெரிசா ஆட்டாது. எல்லாம் ஒரே பக்கமா இழுக்கிறது அபூர்வம், அதால வால் மெல்லிசு, அரைவாசி அங்க அரைவாசி இங்க எண்டு வெட்டுப்படுறதுதான் கனக்க, அதால நடு கொழுப்பு.

வைகைக்கரை
செவ்வாய், காலை 7.48

அண்ணே, நானும் சிவில்தான்! எங்க கட்டுமான விதிப் புத்தகத்துல, அதான் கோடுல (code), 1.65ன்னு போட்டிருக்கும், உங்க 1.64 எங்கிருந்து?

கிண்ணியா_கொங்கிறீட்
செவ்வாய், காலை 7.55

பழைய பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 1.64 தம்பி. உண்மையான இலக்கம் 1.645, அவங்க கீழ வெட்டின, நீங்க மேல ஏத்தின. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு துளி சீமெந்து மிச்சம்.

தம்பலகாமம்_தயிர்
செவ்வாய், காலை 8.03

ராமர் பாலம் எந்தக் கோடில கட்டினது எண்டு ஆராவது சொல்லுங்கோவன்.

நிலாவெளி_மழை
செவ்வாய், பகல் 12.30

டொக்யாட் தம்பியின்ர 30 கதை இன்னும் அப்படியே கிடக்கு, பிள்ளை அத நம்பி டெஸ்டில எழுதப் போகுது, அதால சொல்லிட்டுப் போறன். எனக்குத் தரவோடதான் வேலை, லஞ்ச் நேரத்தில எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தாப் பொறுங்கோ.

எல்லாமே செவ்வன் எண்டது பிழை. எங்கட ஊர் மழைய எடுங்கோ. திருகோணமலையில மழை எண்டா ஒக்டோபரில இருந்து ஜனவரி வரைக்கும் வாடைக்காத்தோட வாறதுதான் பெரும்பங்கு, மற்றக் காலம் வானம் வெளிச்சுப் போய்க் கிடக்கும். வருசம் முழுக்க ஒவ்வொரு நாள் மழையையும் எழுதினா அரைவாசிக்கு மேல பூச்சியம், இடைக்கிட கொட்டோ கொட்டெண்டு ஒரு நாள். உதாரணத்துக்கு நாளொண்டுக்கு இடை 5 மில்லிமீற்றர், நியம விலகல் 14 எண்டு வையுங்கோ. இத செவ்வன் எண்டு நினைச்சு பூச்சியத்துக்குக் கீழ எவ்வளவு பரப்பு எண்டு பாத்தா 0.36. அதாவது நூறு நாளில முப்பத்தாறு நாள் மழை நிலத்தில இருந்து வானத்துக்குப் போகுது! எங்கயாவது மைனஸ் வர ஏலாத ஒரு அளவில நியம விலகல் இடையை விடப் பெரிசா இருந்தா, அது செவ்வன் இல்ல எண்டு உடன சந்தேகப்படலாம்.

கொழும்பு நைட் பஸ்ஸும் அப்படித்தான். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்ததா சரித்திரமே இல்ல, ஆனா டயர் போனா மூண்டு மணித்தியாலம் பிந்தும். ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் வெளி, வால் வலப்பக்கமா நீளும், சரிவுப் பரம்பல். பிறகு எங்கட திருகோணமலைக் கோட்டைக்குள்ள திரியிற மான். வாயில்ல நிண்டு போற வாற மானெல்லாத்தையும் தராசில நிறுத்தா, கிடாய், பிணை, குட்டி எல்லாம் ஒண்டாச் சேந்து ஒரு மணி வராது, ரெண்டு மூண்டு திமில் வரும். ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாப் பிரிச்சா ஒவ்வொண்டும் மணிக்குக் கிட்டப் போகலாம். சம்பளக் கணக்கு, சொத்துக் கணக்கு மாதிரிப் பெருகிப் பெருகி வாறதுக்கு மடக்கை எடுத்தா சில நேரம் செவ்வனுக்குக் கிட்ட வரும், ஏனெண்டா மடக்கை பெருக்கலக் கூட்டலாக்கிடும், கிண்ணியா நானா சொன்ன கொஞ்சம் கொஞ்சம் கூட்டுற கதை அங்க திரும்ப வந்திடும்.

இனி 30. முப்பது பஸ் பிந்தினதை எழுதினா அந்த முப்பதும் சரிஞ்சுதான் கிடக்கும். முந்நூறு எழுதினாலும் சரிஞ்சுதான் கிடக்கும், இன்னும் வடிவாச் சரிவு தெரியும். செவ்வன் ஆகிறது பஸ் இல்ல, சராசரி. முப்பது பஸ்ஸின்ர சராசரியப் போடுங்கோ, பிறகு வேற முப்பது, பிறகு வேற முப்பது, இப்படிக் கனக்கச் சராசரி சேர்த்து அந்தச் சராசரிகளப் படம் கீறினா அதுதான் மணிக்குக் கிட்ட வரும். மைய எல்லைத் தேற்றம் சொல்றது அவ்வளவுதான். அந்த மணி ஒடுங்கலா இருக்கும், தனி பஸ்ஸுக்கு நியம விலகல் 45 நிமிசம் எண்டா முப்பதின்ர சராசரிக்கு 45ஐ 30இன் வர்க்கமூலத்தால பிரிச்சு 8 நிமிசம் மாதிரி. இந்த ரெண்டு நியம விலகலையும் குழப்பிறதுதான் அடுத்த டெஸ்டில உங்களுக்கு வரப்போற வில்லங்கம். இன்னொண்டு, 30 எண்டது சாமி சொன்ன இலக்கம் இல்ல. பரம்பல் சமச்சீரா, வாலும் மெல்லிசா இருந்தா 10 கூடக் காணும், எங்கட மழை மாதிரிக் கிடந்தா 30 காணாது. கோசி பரம்பல் எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு லட்சம் எடுத்துச் சராசரி போட்டாலும் செவ்வன் வராது.

டொக்யாட்_ரோட்
செவ்வாய், பகல் 1.12

அக்கா, அப்ப நான் பாஸ் பண்ணினது?

நிலாவெளி_மழை
செவ்வாய், பகல் 1.15

கேள்வியில 'செவ்வன் எனக் கொள்க' எண்டு எழுதியிருப்பினம் தம்பி.

மூண்டு_பிள்ளைத்தாய்
செவ்வாய், மாலை 4.40

மன்னிக்கோணும், இழைக்குள்ள இசட் எண்டு கண்டு வந்தனான். மூத்தவளுக்கு ஏ.எல். இசட் ஸ்கோர் 1.2. அட்டவணையில 1.2க்கு 0.8849 எண்டு ரியூசன் பெடியன் ஒருத்தன் சொன்னான், அப்ப என்ர மகள் 88 வீதம் பேருக்கு மேலயோ? அயலுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்.

நிலாவெளி_மழை
செவ்வாய், இரவு 7.05

அக்கா, அயலுக்குச் சொன்னதை வாபஸ் வாங்கத் தேவையில்ல, ஆனா அந்தக் கணக்கு ரெண்டு இடத்தில பிழை.

ஒரு பாடத்துக்கு இசட் எண்டா, மகளின்ர மார்க்ஸ்ல இருந்து அந்தப் பாடத்தின்ர இடையக் கழிச்சு நியம விலகலால பிரிக்கிறது. பௌதிகத்துக்கு இடை 40, நியம விலகல் 15 எண்டு வையுங்கோ, 64 எடுத்த பிள்ளைக்கு 1.6. வேற ஒரு பாடத்துக்கு இடை 62, நியம விலகல் 10, அங்க 72 எடுத்தவருக்கு 1. மார்க்ஸ் கூட, இசட் குறைவு. கஷ்டமான பாடத்தையும் லேசான பாடத்தையும் ஒரே தராசில வைக்கத்தான் 2001 ஏ.எல்ல இருந்து இத வைச்சுக் கம்பஸுக்கு எடுக்கினம். இதில எங்கயும் செவ்வன் வரேல்ல பாத்தீங்களோ? கழிச்சுப் பிரிச்சா வடிவம் மாறாது. சரிஞ்ச பரம்பல இசட் ஆக்கினாலும் சரிஞ்சுதான் நிக்கும், நடு 0க்கு வரும், அளவுகோல் மாறும், அவ்வளவுதான். மார்க்ஸ் செவ்வனா இல்லாட்டி அந்த 0.8849க்கு அர்த்தம் இல்ல. இது முதல் பிழை.

ரெண்டாவது கொஞ்சம் நுணுக்கம். மகளின்ர 1.2 மூண்டு பாட இசட்டின்ர சராசரி. ஒவ்வொரு பாடத்துக்கும் நியம விலகல் 1, ஆனா மூண்டின்ர சராசரிக்கு 1 வராது, அதைவிடக் குறையும். மூண்டு பாடமும் ஒண்டோட ஒண்டு எவ்வளவு சேந்து போகுது எண்டதப் பொறுத்து அது மாறும். அந்தச் சேந்து போறதின்ர அளவு, இணைபு, 0.5 எண்டு வைச்சா சராசரியின்ர நியம விலகல் 0.816. 1.2ஐ அதால பிரிச்சா 1.47, செவ்வன் எண்டும் வைச்சுக்கொண்டா 0.93க்குக் கிட்ட. மகளுக்கு நல்லதுதான். ஆனா 0.5 நான் வைச்ச இலக்கம், அதால இதையும் அயலுக்குச் சொல்லாதேங்கோ.

பழைய_கணக்கு_வாத்தி
செவ்வாய், இரவு 7.30

அதோட இசட் எண்டா ஆரின்ர இடை, ஆரின்ர நியம விலகல் எண்டதுதான் உயிர். 2011 ஏ.எல்ல பழைய பாடத்திட்டக்காரரும் புதிய பாடத்திட்டக்காரரும் வேற வேற பேப்பர் எழுதினவை, இசட் ஸ்கோரில ரெண்டு கூட்டத்தையும் ஒண்டாக் கலந்து பெரிய குழப்பமாகி, உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2012ல தனித்தனியாத் திரும்பக் கணிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கோட்டைக்குள்ள மானையும் குட்டியையும் ஒண்டா நிறுத்த கதைதான். பிறகு பிள்ளைத்தாய், வீதத்த விட மகளுக்கு முக்கியம் மாவட்ட வெட்டுப்புள்ளி. கம்பஸ் இடங்களில அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டத்துக்கு 5, திருகோணமலை அந்தப் பின்தங்கின 16க்குள்ள இருக்கு. அதப் பாருங்கோ.

அது சரி, சிப்பி எங்க? ரெண்டு நாளா ஊரெல்லாம் சுத்தினம், அந்தப் பிள்ளையின்ர 0.35 எங்கயிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல, நான் உட்பட. பிள்ளை, செய்கையப் போடு.

உப்புவெளி_சிப்பி
செவ்வாய், இரவு 8.02

கரண்ட் இல்ல சேர், இப்பதான் வந்தது. செய்கை: 44இல இருந்து 50ஐக் கழிச்சா மைனஸ் 6. அத 16ஆல பிரிச்சா மைனஸ் 0.375. அட்டவணையில மைனஸ் இல்ல, அதால சமச்சீர் எண்டு 0.375க்குப் பாத்து 1இல இருந்து கழிச்சன், 0.35.

கிண்ணியா_கொங்கிறீட்
செவ்வாய், இரவு 8.04

அடடா.

நிலாவெளி_மழை
செவ்வாய், இரவு 8.06

16 மாறற்றிறன் தங்கச்சி! நியம விலகல் அதின்ர வர்க்கமூலம், 4.

பழைய_கணக்கு_வாத்தி
செவ்வாய், இரவு 8.19

சமச்சீர் எல்லாம் வடிவாச் செய்திருக்கிறாய், அதுதான் கவலை. என்(50, 16) எண்டு எழுதேக்க ரெண்டாவதா வாறது மாறற்றிறன், சிக்மா வர்க்கம், சிக்மா எண்டது நியம விலகல். அனேகமான புத்தகம் அப்படித்தான், சில புத்தகம் நியம விலகலையே எழுதும், அதால முன்பக்கத்தில குறியீட்டப் பாக்கோணும். எக்செலில நோர்ம் டிஸ்ட் எண்டு அடிச்சா அது நேர நியம விலகலத்தான் கேக்கும், அங்க போய் 16 குடுத்தா அதுவும் சத்தம் போடாமல் 0.35 தரும். கம்பியூட்டர் பிழை எண்டு சொல்லாது, பிழையான கேள்விக்குச் சரியான விடை சொல்லும்.

இனி மைனஸ் 6ஐ 4ஆல பிரி, மைனஸ் 1.5. உன்ர அட்டவணையில 1.5க்கு 0.9332, 1இல இருந்து கழிச்சா 0.0668. உன்ர பிரெண்டின்ர அட்டவணையில 0.4332, 0.5இல இருந்து கழிச்சாலும் 0.0668.

மனக்கணக்காலயும் பிழை பிடிக்கலாம். நியம விலகல் 4 எண்டா 46க்கும் 54க்கும் இடையில 68 வீதம், மிச்சம் 32, ஒரு பக்கத்துக்கு 16. அப்ப 46க்குக் கீழயே 16 வீதம்தான், 44க்குக் கீழ 35 எப்படி வரும்? டொக்யாட் தம்பியின்ர மூண்டு நம்பரும் இதுக்குத்தான் உதவும், விடை எழுத இல்ல, விடையில சந்தேகப்பட.

டொக்யாட்_ரோட்
செவ்வாய், இரவு 8.25

பாத்தீங்களோ, கடைசியில என்ர நம்பர்தான்.

உப்புவெளி_சிப்பி
செவ்வாய், இரவு 8.33

ஒரு வர்க்கமூலம்!! அதுக்கு ரெண்டு நாள் நித்திரை இல்ல. மிஸ் பக்கத்தில ஒரு புள்ளடி மட்டும் போட்டிருந்தா, ஏன் எண்டு ஒரு சொல்லு எழுதேல்ல. எல்லாருக்கும் நன்றி. நானா உங்கட 1.64ஐயும் என்ர அட்டவணைக்குள்ள தேடிப் பிடிச்சன், 0.9495, சந்தோசமா இருந்தது. முந்தி இசட்டக் குடுத்துப் பரப்பத்தான் தேடினனான், இப்ப பரப்பக் குடுத்து இசட்டத் தேடினன்.

பழைய_கணக்கு_வாத்தி
செவ்வாய், இரவு 8.50

அப்ப அதே திசையில ஒண்டு தாறன். அரிசிப் பை, இடை 5.05, நியம விலகல் 0.03. இப்ப இருக்கிற மாதிரி விட்டா 5 கிலோவுக்குக் குறைஞ்ச பை எத்தனை வீதம்? 100க்கு 1 பைக்கு மேல குறையப்படாது எண்டா மிசின்ர இடைய எத்தனைக்கு உயர்த்தோணும்? டொக்யாட் தம்பி வாய் திறக்கப்படாது.

உப்புவெளி_சிப்பி
செவ்வாய், இரவு 9.27

முதல் பகுதி: 5இல இருந்து 5.05ஐக் கழிச்சு 0.03ஆல பிரிச்சா மைனஸ் 1.67, அட்டவணையில 0.9525, 1இல இருந்து கழிச்சா 0.0475, நூறு பைக்கு அஞ்சு பை மாதிரி. 0.03 நியம விலகல்தானே எண்டு மூண்டு தரம் பாத்தன் சேர். ரெண்டாவது: அட்டவணைக்குள்ள 0.99ஐத் தேடினன், சரியா இல்ல, 2.32க்கு 0.9898, 2.33க்கு 0.9901, அதால 2.33 எடுத்தன். 5 கிலோ எண்டது இடையில இருந்து 2.33 நியம விலகல் கீழ நிக்கோணும், அப்ப இடை 5 கூட்டு 2.33 தடவை 0.03, 5.0699. 5.07 கிலோ.

கிண்ணியா_கொங்கிறீட்
செவ்வாய், இரவு 9.31

என்ர கியூப் கணக்குத்தான் இது, அரிசியில. லீவுக்கு சைட்டுக்கு வாங்க தங்கச்சி, தொப்பி ஒண்டு வைச்சிரிக்கன்.

தம்பலகாமம்_தயிர்
செவ்வாய், இரவு 9.34

பைக்கு 70 கிராம் சும்மா போடுற அந்த ஆலை எங்க இருக்கு? விலாசத்த ஆராவது தாங்கோ, நான் நாளைக்கே சாக்கோட போறன்.